பதிவேட்டைப் பார்த்துக் கேளுங்கள்: அமைச்சருக்கு எழுத்துக் கேள்வி தயாரிப்பது எப்படி

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு மக்களவை உறுப்பினரின் டெல்லி அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் என் வேலையில் பாதிக்கு மேல் ஒன்றே ஒன்று: மத்திய அமைச்சர்களுக்குக் கேள்வி எழுதுவது. எம்.பி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும், தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஒரு எம்.பி. மூலம் அவைக்குக் கொண்டுபோக நினைக்கும் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நான் எழுதிய முதல் கேள்வி அனுமதி மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. தொகுதியிலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தார். கணவர் வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். உடல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போகும்போது எடுத்த காப்பீட்டுப் பணம் என்ன ஆனது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. உடனே உட்கார்ந்து, “வெளிநாட்டில் இறக்கும் தொழிலாளர் குடும்பங்களை அரசு கண்டுகொள்ளாமல் இருப்பது ஏன்?” என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினேன். வாதமும் அனுமானமும் கேள்வியில் இருக்கக் கூடாது என்பது விதி. என் அரைப் பக்கத்தில் அவை இரண்டைத் தவிர வேறெதுவும் இல்லை.

மேடம் கோபப்படவில்லை. “நம்ம கேள்விக்குப் பதில் டைப் அடிக்கப்போற செக்‌ஷன் ஆபீசரை நினைச்சுப் பாரு. அவர் மேஜைல என்ன ஃபைல் இருக்கும்? அந்த ஃபைல்ல இருக்கிறதைக் கேளு,” என்றார். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இதைத்தான் யோசித்தேன். நீங்கள் தேடும் பதில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது யார், அதில் அது எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? மூன்றும் தெரிந்துவிட்டால் கேள்வி பாதி எழுதியாயிற்று.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்விகளில் முக்கியமானவை இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். கேள்வியை எழுதிக் கொடுக்கும் நோட்டீஸ் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். முழு நாள் என்றால் நோட்டீஸ் கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. மக்களவை உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 நோட்டீஸ்தான் கொடுக்கலாம். யாருடைய கேள்விக்கு முன்னுரிமை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். கூட்டத்தொடர் அறிவிப்போடு அந்த அட்டவணை வந்துவிடும். வந்த அன்றே அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல கேள்வி கையில் இருந்தும் கடைசி நாள் தெரியாமல் விட்ட அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் நட்சத்திரக் கேள்விக்குத்தான் ஆசைப்படுவார்கள். டி.வி.யில் வரும், துணைக் கேள்வியில் அமைச்சரை மடக்கலாம். அதன் வலிமை உண்மையானதுதான். தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுடைய பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரம் 1957-ல் மக்களவையில் கேள்வியாகத்தான் எழுந்தது. அது சாக்ளா விசாரணை ஆணையம் வரை போய், 1958-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தது. ஆனால் கேள்வி நேரம் என்ற ஒரு மணி நேரத்தில் இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அபூர்வம். மீதிக்கு எப்படியும் எழுத்தில்தான் பதில் வரும். உங்களுக்கு வேண்டியது ஐந்து ஆண்டுக் கணக்கு, மாநில வாரியான அட்டவணை என்றால் குறியிடாத கேள்வியே போதும். அமைச்சர் கையெழுத்தில் அவையின் மேஜைக்கு வந்த எண்ணை அப்புறம் யாரும் மறுக்க முடியாது.

சரி, அந்தப் பெண்ணின் கடிதத்துக்கு வருவோம். கடிதத்தைக் கேள்வியாக மாற்றுவதில்தான் இந்த வேலையின் முழுக் கஷ்டமும் இருக்கிறது.

ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய பணத்தைக் கேள்வி வாங்கித் தராது. அதற்கு வழி வேறு. எம்.பி.யின் லெட்டர்ஹெட்டில் தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் கடிதம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் குறைகளுக்கான ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகார், பாலிசி எண்ணைத் தேடி எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம். அதை அன்றே செய்தோம். கேள்வியில் அவருடைய பெயர் வரவில்லை, வரவும் கூடாது. அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அடுத்து பதிவேடு. தேடியபோது மூன்று கிடைத்தன. பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற வகையில் வரும் தொழிலாளர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். ஆக, எத்தனை பாலிசி, எத்தனை பேர் இழப்பீடு கேட்டார்கள் என்ற கணக்கு இருந்தே தீர வேண்டும். இரண்டாவது, தூதரகங்கள் வைத்திருக்கும் இந்தியச் சமூக நல நிதி. 2009-ல் தொடங்கியது. உடலைத் தாயகம் அனுப்பும் செலவை இதிலிருந்து கொடுக்கலாம் என்பதால் அதற்கும் கணக்கு உண்டு. மூன்றாவது, ‘மதத்’ தளத்தில் பதிவான புகார்கள். மூன்றும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. தொழிலாளர் என்ற சொல்லைப் பார்த்துத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு அனுப்பியிருந்தால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு, அந்த வாரமே கைவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாவது முறை எழுதியது இப்படி இருந்தது. ஆங்கிலத்தில் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறேன்.

வெளியுறவு அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் கீழ் வழங்கப்பட்ட பாலிசிகளின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாகவும் மாநில வாரியாகவும்;
(ஆ) அதே காலத்தில் மரணத்துக்கு இழப்பீடு கோரிய விண்ணப்பங்கள், அவற்றில் தொகை வழங்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை எத்தனை, ஆண்டு வாரியாகவும் காப்பீட்டு நிறுவன வாரியாகவும்;
(இ) நிராகரிப்புக்கான காரணங்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய எண்ணிக்கை;
(ஈ) இறந்தவர்களின் உடல்களைக் கொண்டுவர இந்தியச் சமூக நல நிதியிலிருந்து செலவிட்ட தொகை, ஆண்டு வாரியாகவும் தூதரக வாரியாகவும்;
(உ) இழப்பீட்டு விண்ணப்பத்தை முடிக்கக் காலக்கெடு உண்டா, கெடு தாண்டி நிலுவையில் உள்ளவை எத்தனை?

இதில் ‘ஏன்’ என்ற சொல் எங்கும் இல்லை. கோபம் குறையவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறிவிட்டது. (ஆ)வில் கேட்டவர்கள், பெற்றவர்கள் என்ற இரண்டு எண்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்போது, நான் அரைப் பக்கத்தில் சொல்ல நினைத்ததை அந்த அட்டவணையே சொல்லிவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஐந்து பகுதிகளும் தனித்தனிக் காலில் நிற்கின்றன. வழக்கமாக எல்லோரும் எழுதும் வடிவம் இது: “(அ) இப்படி நடந்தது உண்மையா, (ஆ) ஆம் எனில், விவரம் என்ன, (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன?” (அ)வுக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் வந்தால் போதும், மற்ற எல்லாவற்றுக்கும் ‘கேள்வி எழவில்லை’ என்று வந்துவிடும். ஒரு கதவைச் சாத்தினால் வீடே பூட்டிக்கொள்கிற மாதிரி கேள்வியைக் கட்டாதீர்கள்.

2020 செப்டம்பர் 14 அன்று நடந்ததை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்தொற்றுக் காலம், அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துக் கேள்விகள் மட்டும்தான். ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படியான தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு கொடுத்தீர்களா என்ற அடுத்த பகுதிக்கு, முந்தைய பதிலைக் கருதி, கேள்வி எழவில்லை. அதே மாதம் மாநிலங்களவையில், ஊரடங்கின்போது தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி ரயில்வே அமைச்சகத்துக்குப் போனது. செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. ரயில் பெட்டியில் ஓர் உயிர் போனால் ரயில்வே காவல் துறையிடம் அது பதிவாக வேண்டும், பதிவேடு அங்கே இருந்தது. சாலையில் நடந்தே போனவர்களுக்குப் பதிவேடு இல்லை. அந்த 97 முழு உண்மை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அரசு தன் வாயால் ஒப்புக்கொண்ட எண் அது, ஒரு கேள்வி சரியான கதவைத் தட்டியதால் கிடைத்தது.

சரியான கதவைப் போலவே சரியான சொல்லும் முக்கியம். இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் சாக்கடை மரணங்கள். கையால் மலம் அள்ளும் வேலையால் இறந்தவர்கள் பற்றி 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சமூக நீதி அமைச்சகம் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் மக்களவையில் அதே அமைச்சகம்தான், கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்குகளையும் சுத்தம் செய்யும்போது 2020 டிசம்பர் 31 வரையான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்ததாகச் சொல்லியிருந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது ஒரு வரையறை, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்வது வேறொரு வரையறை. நம் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சடைத்துச் செத்தவருக்கு அந்த வித்தியாசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பதில் எழுதுபவருக்கு மட்டும் அது போதும். அதனால் கேள்வி எழுதும் முன்பு சம்பந்தப்பட்ட சட்டத்தின் வரையறைப் பிரிவைக் கட்டாயம் படியுங்கள். எந்தச் சொல் என்று சந்தேகமாக இருந்தால் இரண்டையும் தனித்தனிப் பகுதியாகக் கேளுங்கள்.

விதிகளில் நினைவில் வைக்க வேண்டியவை சில. கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது, ‘ஒருவேளை இப்படி நடந்தால்’ என்று கற்பனையாகக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. எல்லோருக்கும் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே பதில் வந்ததைத் திரும்பக் கேட்கவும் கூடாது. கடைசி இரண்டுக்காகவே எழுதுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரு அவைகளின் பழைய கேள்வி பதில்களும் நாடாளுமன்றத்தின் சன்சத் (sansad.in) இணையதளத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. நீங்கள் கேட்க நினைத்ததை வேறொரு மாநில எம்.பி. போன ஆண்டே கேட்டிருப்பார். அது நல்லதுதான். அந்தப் பதில் நின்ற இடத்திலிருந்து உங்கள் கேள்வியைத் தொடங்கலாம்.

மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்று தள்ளப்படுவதும் அடிக்கடி நடக்கும். காவல் துறை, மருத்துவமனை எல்லாம் மாநிலப் பட்டியல். அப்போது பணத்தைப் பின்தொடருங்கள். அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லை என்று கேட்டால் மாநில அரசைக் கேளுங்கள் என்பார்கள். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். டெல்லியிலிருந்து பணம் புறப்பட்டால் டெல்லியில் கணக்கு இருக்கும்.

வந்த பதிலை எப்படிப் படிப்பது என்பதைப் பலர் கற்றுக்கொள்வதே இல்லை. “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேஜையில் வைக்கப்படும்” என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்கவே மக்களவையில் 1953-லிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதில் வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முடிந்ததும் எம்.பி.யின் கடிதத்தை அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். “மையமாகத் தரவு பராமரிக்கப்படவில்லை” என்று வந்தால் அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி தயார்: எந்த விதியின் கீழ் யார் அதைப் பராமரிக்க வேண்டும், மாநிலங்களிடம் கேட்டு வாங்க அரசு அனுப்பிய சுற்றறிக்கை எது? ஆண்டு வாரியாகக் கேட்டதற்கு மொத்த எண் மட்டும் வந்தால், கடைசி ஆண்டில் ஏதோ சரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். திரும்பக் கேட்டுப் பார்த்தபோது சில முறை அது சரியாகவும் இருந்தது. பதிலில் உண்மை குறித்த தெளிவு போதவில்லை, விஷயமும் பெரியது என்றால் அரை மணி நேர விவாதம் கேட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். இடம் கிடைப்பது கடினம், ஆனாலும் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு முன்னால் 10 ரூபாயில் ஒரு மனு போட்டால், பதிவேடு இருக்கிறதா, அதில் என்னென்ன பத்திகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சங்கங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.பி. அலுவலகத்துக்கு இருபது பக்க அறிக்கையைக் கொண்டுவராதீர்கள். ஒரே பக்கத்தில் பிரச்சினை, எந்த அமைச்சகம், பழைய பதில் ஏதும் இருந்தால் அதன் எண்ணும் தேதியும், நீங்கள் முன்மொழியும் ஐந்து பகுதிகள், இவ்வளவு போதும். கூட்டத்தொடர் தொடங்க மூன்று, நான்கு வாரங்கள் இருக்கும்போது கொடுங்கள், நடுவில் வந்தால் எங்களால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. பணமோ பரிசோ பேச்சிலேயே வரக் கூடாது. கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். உதவியாளர்களுக்கும் சொல்கிறேன்: வரைவு எழுதுவது மட்டும்தான் நம் வேலை, கேள்வி உறுப்பினருடையது. நோட்டீஸ் சமர்ப்பிக்கும் இணையதளத்துக்கான அவருடைய பாஸ்வேர்டு நம் கையில் இருக்கக் கூடாது. மேடம் ஒவ்வொரு நோட்டீஸையும் வரி வரியாகப் படித்து, சில சமயம் என்னோடு சண்டை போட்டு, அப்புறம்தான் தானே உள்ளே போய்ச் சமர்ப்பிப்பார்.

பதில் வந்த நாளில் ஒரு வேலை மிச்சம் இருக்கும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். காப்பீட்டுக் கேள்விக்கு வந்த பதிலை நான் தமிழில் எழுதி, அட்டவணையில் தமிழ்நாட்டு வரியை மட்டும் தனியாக எடுத்து, அந்தப் பெண்ணுக்குத் தபாலில் அனுப்பினேன். (இ)யில் காரணம் வாரியான எண்ணிக்கை வரவில்லை, அடுத்த கூட்டத்தொடரில் அதை மட்டும் தனியாகக் கேட்கப் போகிறோம் என்றும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தன் ஊரில் இதே நிலையில் இருக்கும் இன்னும் மூன்று குடும்பங்களின் பாலிசி நகல்களை அதே உறையில் வைத்து அனுப்பியிருந்தார்.